வீடு நகர்ந்தால் கோபுரம் எங்கே?

ஒரு மாலை நேரத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மே மாதம். இடம் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. நெடுஞ்சாலையை அடுத்த ஒரு முகாம் திடலில் ஒரு குடும்பம் தன் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துகிறது. அது வெறும் வண்டி அல்ல. சமையலறை, படுக்கை, குளியலறை, மேசை, நாற்காலி எல்லாம் உள்ள ஒரு சிறு வீடு. இன்று காலையில் அந்த வீடு 500 கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு மாநிலத்தில் இருந்தது.

மேற்கு வானம் கறுத்து வருகிறது. அந்த வட்டாரத்தில் இளவேனிற்காலம்தான் டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று மிகுதியாகத் தோன்றும் காலம். செல்பேசியில் சைகை வருவதும் போவதுமாக இருக்கிறது. வானிலைச் செய்தி கேட்கலாம் என்று அப்பா தொலைக்காட்சிப் பெட்டியைப் போடுகிறார். திரையில் ‘சைகை இல்லை’ என்ற எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. நேற்று இரவு இதே பெட்டியில் படம் பளிச்சென்று வந்ததே!

பெட்டி பழுதாகவில்லை. வீடு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இடம் மாறினால் என்னென்ன மாறுகின்றன? அந்தக் குடும்பம் மீண்டும் படத்தைப் பெற என்ன செய்ய வேண்டும்? நீங்கள் பள்ளியில் படித்த அலைகளைப் பற்றிய பாடமே இதற்குப் போதும். வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம்.

வீட்டு வண்டி

இத்தகைய வண்டிகளை அமெரிக்கர்கள் சுருக்கமாக ‘ஆர்.வி.’ என்பார்கள். சிலவற்றில் இயந்திரமும் வீடும் ஒரே உடலாக இருக்கும். சிலவற்றை வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். நாம் இரண்டையும் ‘வீட்டு வண்டி’ என்றே அழைப்போம்.

அமெரிக்காவில் பல பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் நிகழ்ச்சிகளை உள்ளூர் நிலையங்கள் கோபுரங்களிலிருந்து வானலைகளில் இலவசமாக ஒளிபரப்புகின்றன. கம்பி இணைப்பு வேண்டாம். மாதக் கட்டணமும் வேண்டாம். ஓர் ஆண்டெனா இருந்தால் போதும். எனவே ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு இது மிகவும் வசதியானது. ஆனால் ஒவ்வொரு நிலையமும் தன் கோபுரத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு மட்டுமே உரியது. ஓர் ஊரின் நிலையம் வெகுதொலைவில் உள்ள ஊரில் கிடைக்காது. இதற்குக் காரணம் பூமியின் வடிவம்.

தொடுவானம் எவ்வளவு தூரம்?

தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. ஆகவே ஒரு தூரத்துக்கு மேல் கோபுரம் தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். கடற்கரையில் நின்று பார்க்கும்போது தொலைவில் செல்லும் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவது போலத்தான் இதுவும்.

வளிமண்டலம் இந்த அலைகளைச் சிறிதளவு கீழ்நோக்கி வளைக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நமக்கு ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது தெரிந்துவிடும். கோபுரத்துக்கு ஒரு முறை, ஆண்டெனாவுக்கு ஒரு முறை கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும்.

கோபுரம் 400 மீட்டர் உயரம் என்று கொள்வோம். 400 இன் வர்க்கமூலம் 20. 4.12 × 20 = 82.4 கிலோமீட்டர். வீட்டு வண்டியின் கூரைமேல் ஆண்டெனா தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் 4.12 × 2 = 8.24 கிலோமீட்டர். மொத்தம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சமவெளியில் இந்த எல்லைக்குள் இருந்தால் படம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு அப்பால் சென்றால் சைகை விரைவாகக் குன்றிவிடும்.

இப்போது ஒன்று புரிகிறதல்லவா? தூரத்தில் பெரும்பங்கு கோபுரத்தின் உயரத்தால் கிடைப்பது. அதனால்தான் அமெரிக்கச் சமவெளிகளில் தொலைக்காட்சிக் கம்பங்களை வானளாவ எழுப்பியிருக்கிறார்கள். வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1963 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு கம்பம் 628 மீட்டர் உயரம் கொண்டிருந்தது. அதன் தொடுவானத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டரைத் தாண்டும்.

அப்படியானால் வண்டியின் ஆண்டெனாவை உயர்த்துவதில் பயன் இல்லையா? உண்டு. சமதரையில் கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், தரையில் பட்டு எதிரொளித்து வரும் அலையும் தரைக்கு அருகில் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. மேலே செல்லச் செல்ல இந்த அழிவு குறைகிறது. ஆகவே தொடுவானம் சிறிதே விலகினாலும், கிடைக்கும் சைகை நன்றாகவே வலுப்பெறும். பக்கத்தில் நிற்கும் மற்ற வண்டிகளின் கூரைக்கு மேலே ஆண்டெனா எட்டிப் பார்ப்பதும் ஒரு நன்மை.

உலோகப் பெட்டிக்குள் அலை நுழையுமா?

‘வீடுகளில் சன்னலோரம் சிறிய ஆண்டெனா வைப்பது போல வண்டிக்குள்ளேயே வைத்தால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். சில வண்டிகளில் அது ஓரளவு பலன் தரும். ஆனால் பல வீட்டு வண்டிகளின் வெளிச்சுவர் அலுமினியத் தகட்டால் ஆனது. கண்ணாடி இழையால் சுவர் அமைத்தாலும் உள்ளே அலுமினியச் சட்டங்கள் இருக்கும்.

உலோகத்தில் கட்டற்ற எலெக்ட்ரான்கள் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். மின்காந்த அலை தகட்டின்மீது விழும்போது அந்த எலெக்ட்ரான்கள் அலையின் தாளத்துக்கேற்ப அசைகின்றன. அந்த அசைவினால் ஓர் எதிர் அலை உண்டாகிறது. அது தகட்டுக்கு உட்புறம் வந்த அலையை அழித்துவிடுகிறது. வெளிப்புறம் எதிரொளிப்பாகத் திரும்புகிறது. உலோகப் பெட்டி இவ்வாறு தன் உள்ளே இருப்பதை மின்காந்த அலைகளிலிருந்து மறைக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1836 இல் உலோகத் தாள் ஒட்டிய ஓர் அறைக்குள் தாமே அமர்ந்து, வெளியிலுள்ள மின்னேற்றம் உள்ளே பாதிப்பதில்லை என்று காட்டினார். அவர் பெயரால் இதனை ஃபாரடே கூண்டு என்கிறோம்.

சன்னல் வழியாக அலை வரலாமே? வரும். ஆனால் ஓர் உலோகச் சுவரில் உள்ள துளை, அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் அலை அதில் எளிதில் நுழையாது. செல்பேசி அலைகளின் அலைநீளம் பெரும்பாலும் 15 முதல் 45 சென்டிமீட்டர் வரை. அவை சன்னல் வழியே வந்துவிடும். தொலைக்காட்சி அலைகளில் 5 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் உடையவையும் உண்டு. அவற்றுக்கு அந்தச் சன்னல் ஊசித் துளை போலத்தான். எனவே ஆண்டெனாவின் இடம் கூரைக்கு மேலேதான்.

கம்பியின் நீளமும் அலையின் நீளமும்

ஒரு நேர்க் கம்பியை நடுவில் வெட்டி, அங்கிருந்து இணைப்பு எடுத்தால் அது மிக எளிய ஆண்டெனா. அதன் மொத்த நீளம் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தால் சைகை நன்கு கிடைக்கும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் உயர எழும்புவது போல, பொருத்தமான நீளமுள்ள கம்பியில் எலெக்ட்ரான்கள் வலுவாக ஊசலாடும். ஒத்ததிர்வு என்று நீங்கள் படித்தது இதுவே.

அலைநீளத்தைக் கண்டுபிடிப்பது எளிது. 300 ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் மீட்டரில் விடை கிடைக்கும். அமெரிக்காவில் தொலைக்காட்சி அலைவரிசைகள் மூன்று கூட்டங்களாக உள்ளன. 2 முதல் 6 வரையிலான எண்கள் 54 முதல் 88 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கும். இவற்றுக்கேற்ற அரை அலைக் கம்பி 1.7 முதல் 2.8 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். 7 முதல் 13 வரை 174 இலிருந்து 216 மெகாஹெர்ட்ஸ்; இவற்றுக்குக் கம்பி 69 முதல் 86 சென்டிமீட்டர். 14 முதல் 36 வரை 470 இலிருந்து 608 மெகாஹெர்ட்ஸ். இவற்றுக்கு 25 முதல் 32 சென்டிமீட்டர் போதும்.

வண்டியின் கூரையில் 2.8 மீட்டர் கம்பியை வைத்துக்கொண்டு பாலத்துக்கு அடியிலும் மரக்கிளைகளுக்கு இடையிலும் போக முடியுமா? ஆகவே வீட்டு வண்டி ஆண்டெனாக்கள் எல்லாமே ஒரு சமரசம்தான். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஒரு வகை, விரித்த வௌவால் இறக்கை போலிருக்கும். பயணத்தின்போது அது கூரையோடு படுத்திருக்கும். வண்டியை நிறுத்தியதும், உள்ளே உட்கூரையில் உள்ள கைப்பிடியைச் சுழற்றி அதை எழுப்பலாம். மற்றொரு வகை, கவிழ்த்த தட்டைப் போன்றது. அதை எழுப்பவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்.

இங்கே ஒரு சிறு ஏமாற்று உண்டு. இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பில், திரையில் தெரியும் எண்ணும் வானில் வரும் உண்மையான அலைவரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நிலையம் பல ஆண்டுகளாக ‘5’ என்ற எண்ணால் மக்களுக்குப் பழகியிருக்கும். டிஜிட்டலுக்கு மாறியபோது அதன் உண்மையான அலைவரிசை 27 ஆகியிருக்கலாம். ஆனாலும் பெட்டி ‘5.1’ என்றே காட்டும். ‘5 என்றால் நீண்ட கம்பி வேண்டும்’ என்று நீங்கள் கணக்குப் போட்டால் கணக்கு பொய்த்துவிடும். ஆண்டெனாவுக்குத் தெரிந்தது உண்மையான அதிர்வெண் மட்டுமே.

எந்தப் பக்கம் திருப்புவது?

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 இல் தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் நம் ஊர் மொட்டைமாடிகளில் மீன்முள் போன்ற ஆண்டெனாக்கள் நின்றன. ஒருவர் மாடியில் ஏறிக் கம்பத்தைத் திருப்புவார். ‘இப்ப தெரியுதா?’ என்று கேட்பார். கீழேயிருந்து, ‘கொஞ்சம்... கொஞ்சம்... ஐயோ, போயிடுச்சு!’ என்று குரல் வரும். அந்த மீன்முள் ஆண்டெனாவை 1920களில் உருவாக்கியவர்கள் ஜப்பானியப் பொறியாளர்களான உடாவும் யாகியும். அது தான் பார்க்கும் திசையிலிருந்து வரும் அலைகளைக் கூடுதலாகவும், மற்ற திசை அலைகளைக் குறைவாகவும் ஏற்கும்.

வௌவால் இறக்கைக்கும் திசை உண்டு. கிடைமட்டமாக உள்ள கம்பி, தன் நீளத்துக்குச் செங்குத்தான திசையிலிருந்து வரும் அலையை நன்றாக ஏற்கும்; தன் முனை நோக்கிய திசையில் ஏறக்குறைய செவிடாகிவிடும். ஆகவே அதன் முகப்பைக் கோபுரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். தட்டு வகை எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் ஏற்கும். வசதிதான், ஆனால் எந்தத் திசையிலும் அதற்குத் தனிக்கூர்மை இல்லை. கோபுரம் அருகில் இருந்தால் தட்டு போதும். தொலைவில் இருந்தால் திருப்பக்கூடியதே வெல்லும்.

மாடி வீட்டுக்காரர் ஒரு முறை திருப்பிக் கட்டினால் ஆண்டுக்கணக்கில் கவலையில்லை. வீட்டு வண்டிக்காரரோ ஒவ்வொரு மாலையும் ‘இங்கிருந்து கோபுரம் எந்தத் திசையில்?’ என்று புதிதாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் எஃப்.சி.சி. என்ற அரசு ஆணையம், இருக்கும் இடத்தைக் குறித்தால் சுற்றியுள்ள நிலையங்களையும் அவற்றின் திசைகளையும் காட்டும் வரைபடத்தை வழங்குகிறது. இணைய வசதி உள்ள இடத்திலேயே இதைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

திசையறிய காந்த ஊசியைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, வண்டியின் இரும்பு ஊசியைத் திசைதிருப்பும்; எனவே வண்டியிலிருந்து சில மீட்டர் விலகி நின்று பார்க்க வேண்டும். இரண்டாவது, காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு மிகச் சிறியது. நாம் கவனிக்க மாட்டோம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டிலில் ஊசி ஏறத்தாழ 15 பாகை கிழக்கே விலகி நிற்கும். வடகிழக்கிலுள்ள மெய்ன் மாநிலத்தில் ஏறத்தாழ அதே அளவு மேற்கே விலகும். நாட்டைக் குறுக்கே கடக்கும் ஒருவருக்கு 30 பாகை வேறுபாடு!

சிறு பொத்தானின் வேலை

கூரை ஆண்டெனாவின் உள்ளேயோ அதன் அருகிலோ ஒரு பெருக்கி இருக்கும். வண்டியின் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அதற்கு மின்சாரம் வரும். படச் சைகை கீழிறங்கும் அதே கம்பிவடத்தின் வழியாகவே இந்த நேர்மின்னோட்டம் மேலேறுகிறது. உள்ளே சுவரில் ஒரு சிறு பொத்தானும் விளக்கும் உண்டு. பொத்தானை அழுத்தாவிட்டால் பெருக்கி உறங்கும். திரையில் ‘சைகை இல்லை’ என்று வரும். பெட்டியையும் ஆண்டெனாவையும் குறை சொல்வதற்கு முன் இந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெருக்கியை ஏன் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் கூரையில் வைக்கிறார்கள்? கம்பிவடத்தில் வரும்போதே சைகை தேய்கிறது. இரண்டு பெட்டிகளுக்காகச் சைகையைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். தேய்ந்த பிறகு பெருக்கினால் அதனோடு சேர்ந்த இரைச்சலும் பெருகிவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மெல்லப் பேசுகிறார் என்று வையுங்கள். ஒலிவாங்கியை அவர் வாயருகே வைத்தால் பேச்சு கேட்கும். கூட்டத்தின் கடைசியில் வைத்து ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கேட்கும். ஆண்டெனாவுக்கு எட்டாத சைகையை எந்தப் பெருக்கியாலும் உண்டாக்க முடியாது.

பெருக்கி தீமை செய்யும் இடமும் உண்டு. பெருநகரில், கோபுரத்துக்கு மிக அருகில் நிறுத்தினால் சைகை ஏற்கெனவே வலுவாக இருக்கும். அதை மேலும் பெருக்கினால் பெருக்கி தன் அளவைத் தாண்டித் திணறும். அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அங்கே பொத்தானை அணைத்தால் படம் வந்துவிடும்!

பனித்தூறலும் செங்குத்துப் பாறையும்

முன்பு இருந்த அனலாக் முறையில் சைகை குறையக் குறையப் படத்தில் பனித்தூறல் போலப் புள்ளிகள் கூடும். கட்டடங்களில் எதிரொளித்து வந்த அலை, ஒரு நிழல் படத்தைப் பக்கத்தில் காட்டும். படம் மோசமானாலும் செய்தி வாசிப்பவரின் குரலாவது கேட்கும்.

அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 இல் அனலாக் முறையை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறின. டிஜிட்டலில் படம் எண்களாக வருகிறது. சில எண்கள் பிழையானால் பெட்டியே திருத்திக்கொள்ளும். சைகையின் திறன் இரைச்சலின் திறனைப் போல் ஏறத்தாழ 32 மடங்கு, அதாவது 15 டெசிபல், இருக்கும்வரை படம் குறையின்றி இருக்கும். அதற்குக் கீழே சிறிது இறங்கினாலும் திருத்தம் தோற்றுவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, மறைந்துவிடும். சரிவில் மெல்ல இறங்குவது போன்றதன்று இது. செங்குத்துப் பாறையின் விளிம்பிலிருந்து விழுவது போன்றது.

இதனால் ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. படம் நன்றாக இருக்கிறது என்பதால் சைகையும் வலுவாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நீங்கள் விளிம்பில் நிற்கலாம். காற்றில் ஆண்டெனா சற்றுத் திரும்பினாலும், மழையில் மரத்தின் இலைகள் நனைந்தாலும் விழுந்துவிடுவீர்கள். பல பெட்டிகளின் அமைப்புப் பட்டியலில் சைகையின் வலிமையைக் காட்டும் அளவுகோல் உண்டு. ஆண்டெனாவைத் திருப்பும்போது படத்தைப் பார்க்காமல் அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை திருப்பிய பின்னும் சில வினாடிகள் காத்திருப்பதும் அவசியம்.

எதிரொளிப்பும் டிஜிட்டலில் மறையவில்லை. அதன் தோற்றம் மாறிவிட்டது. அங்கே பரவலாக உள்ள ஒளிபரப்பு முறையில் ஒரு வினாடிக்கு 1 கோடியே 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட குறியீடுகள் வருகின்றன. ஒரு குறியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரத்தில் அலை 28 மீட்டர்தான் செல்லும். எதிரே நிற்கும் பெரிய வண்டியின் பக்கச் சுவரில் பட்டு 28 மீட்டர் சுற்றி வரும் அலை, ஒரு குறியீட்டை அடுத்ததன் தலைமேல் ஏற்றிவிடும். பெட்டி இதை ஓரளவு சரிசெய்யும். முடியாதபோது, வண்டியைச் சில மீட்டர் நகர்த்தி நிறுத்தினாலே படம் வந்துவிடுவதுண்டு. ஓடும் வண்டியிலோ எதிரொளிப்புகள் நொடிக்கு நொடி மாறும். அந்த முறை அதைச் சமாளிப்பதற்காக உருவாக்கப்பட்டதன்று.

பட்டியல் பழையது

எல்லாம் சரி. ஆண்டெனா எழுந்தது, கோபுரத்தை நோக்கித் திரும்பியது, விளக்கு எரிகிறது. ஆனாலும் படம் இல்லை. ஏன்?

பெட்டி தன் நினைவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ளவை நேற்றைய ஊரின் அலைவரிசைகள். இன்றைய ஊரின் அலைவரிசைகள் அதற்குத் தெரியாது. பட்டியலில் இல்லாததை அது தேடுவதும் இல்லை. எனவே ஒவ்வொரு புதிய இடத்திலும் அலைவரிசைத் தேடலை மீண்டும் நடத்த வேண்டும். உள்ளீடு ‘ஆண்டெனா’ என்று இருக்க வேண்டும். ‘கேபிள்’ என்று இருந்தால் தேடியும் பயனில்லை.

இங்கே வரிசை முக்கியம். முதலில் எழுப்புதல், பிறகு திருப்புதல், பிறகு பொத்தான், கடைசியில் தேடல். ஆண்டெனா படுத்திருக்கும்போதே தேடினால் வெறும் பட்டியலே மிஞ்சும்.

அந்த மாலைக்குத் திரும்புவோம்

ஓக்லஹோமாவில் நம் குடும்பம் இந்த வரிசைப்படியே செய்கிறது. முகாமிலிருந்து கோபுரங்கள் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன என்று கொள்வோம். நம் கணக்குப்படி அவை தொடுவானத்துக்கு மேலேதான் இருக்கின்றன. ஆண்டெனா எழுகிறது, திரும்புகிறது, தேடல் முடிகிறது. படம் வந்துவிட்டது. வானிலையாளர் ஒரு வரைபடத்தின் முன் நின்று, எச்சரிக்கைக்கு உள்ளான மாவட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

இப்போது ஒரு புதிய சிக்கல். ‘நாம் இருப்பது எந்த மாவட்டம்?’

உள்ளூர்க்காரர்களுக்கு இது கேள்வியே அல்ல. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவருக்கு? ஓக்லஹோமாவில் மட்டும் 77 மாவட்டங்கள். எச்சரிக்கை காதில் விழுந்தும், அது தமக்கா பிறருக்கா என்று தெரியாவிட்டால் என்ன பயன்? ஆகையால் அனுபவமுள்ள பயணிகள் வண்டியை நிறுத்தியதும் முகாம் அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: ‘இது எந்த மாவட்டம்? புயல் வந்தால் தஞ்சம் புகும் இடம் எங்கே?’ விடையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அருகே ஒட்டிவைப்பார்கள். சுழற்காற்றின்போது வீட்டு வண்டி பாதுகாப்பான இடமன்று. வலுவான கட்டடத்துக்கோ புயல் காப்பறைக்கோ சென்றுவிட வேண்டும்.

மின்னல் நெருங்கினால், பலத்த காற்று வீசினால் எழுப்பிய ஆண்டெனாவை இறக்கிவிட வேண்டும். அதாவது, புயல் மிக அருகில் வரும்போது தொலைக்காட்சி நமக்கு உதவாது. அது முன்கூட்டியே செய்தி அறிவதற்கான கருவி. செல்பேசிக்கு அவசர எச்சரிக்கை அனுப்பும் முறை அங்கே 2012 முதல் உள்ளது; ஆனால் செல்பேசிக் கோபுரத்தின் தொடர்பு இருந்தால்தான் அது வரும். இதனால் பலர் வானிலை வானொலி ஒன்றையும் வைத்திருப்பார்கள். அமெரிக்க வானிலைத் துறை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 அதிர்வெண்களில் இரவும் பகலும் ஒலிபரப்புகிறது. உயிர் தொடர்பான செய்திக்கு ஒரே வழியை நம்பியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை, வானம் தெளிந்து புறப்படும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. ஆண்டெனாவை இறக்க மறந்து வண்டியை ஓட்டி, மரக்கிளையில் மோதி உடைத்தவர்கள் பலர். அதற்கு எளிய மருந்து உண்டு. ஆண்டெனாவை எழுப்பியவுடன் ‘ஆண்டெனா மேலே’ என்று எழுதிய அட்டையை வண்டியின் திசைமாற்றிச் சக்கரத்தில் மாட்டிவிட வேண்டும். அட்டையை எடுக்காமல் ஓட்ட முடியாதல்லவா?

செய்து பாருங்கள்

1. ஒரு சிறிய பண்பலை வானொலியில் ஒரு நிலையத்தை வையுங்கள். முதலில் அதைச் செய்தித்தாளால் முழுவதும் சுற்றுங்கள். ஒலி மட்டும் சற்று மங்கும்; நிகழ்ச்சி கேட்கும். அடுத்து அலுமினியத் தாளால், ஆண்டெனாவையும் சேர்த்து, இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். நிகழ்ச்சி போய் ‘உஸ்’ என்ற இரைச்சல் வருகிறதா? காதுக்கருவியின் கம்பியை வெளியே விடாதீர்கள், அதுவே ஆண்டெனாவாகிவிடும். செய்தித்தாளால் முதலில் ஏன் சுற்றச் சொன்னோம் என்று யோசியுங்கள்.

2. மத்திய அலை வானொலி இருந்தால், மின்கம்பிகள் இல்லாத திறந்தவெளியில் அதைக் கிடைமட்டமாக மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் ஒலி மிகவும் குறையும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை அப்போது நிலையத்தை நோக்கி இருக்கும். பெரும்பாலான வானொலிகளில் தண்டு பெட்டியின் நீளவாக்கில் இருக்கும். அந்தத் திசையில் ஊர் வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். சில கிலோமீட்டர் தள்ளி மற்றோர் இடத்திலும் இவ்வாறே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது!

விடை காணுங்கள்

1. கோபுரம் 225 மீட்டர். வண்டி ஆண்டெனா 4 மீட்டர். சமவெளியில் எவ்வளவு தூரம் வரை சைகையை எதிர்பார்க்கலாம்?
2. 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அரை அலைக் கம்பியின் நீளம் என்ன?
3. அனலாக் காலத்தில் ‘படம் மோசம்’ என்று சொன்ன இடத்தில், டிஜிட்டலில் ‘படமே இல்லை’ என்கிறார்கள். ஏன்?

(விடைகள்: 1. 4.12 × (15 + 2) = ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2. அலைநீளம் 60 சென்டிமீட்டர். எனவே கம்பி 30 சென்டிமீட்டர். 3. அனலாக்கில் இரைச்சல் கூடக் கூடப் படம் சிறிது சிறிதாகக் கெடும். டிஜிட்டலில் பிழைதிருத்தம் இயலும்வரை படம் முழுமையாக இருக்கும். இயலாதபோது அறவே நின்றுவிடும்.)